பத்து ஐம்பத்திரண்டுக்குத் திரும்பும் கேமரா

ராதாமணியம்மா போன் செய்தபோது அருள்பாண்டி மதுரையை ஒட்டிய பரவையில் தன் வீட்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

“தம்பி, அவசரம் ஒண்ணும் இல்ல. கேமரா நல்லா வேலை செய்யுது.”

“சந்தோசம்மா.”

“ரொம்ப நல்லா வேலை செய்யுது. அதான் கூப்பிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குள்ள வந்துரு. பத்து அம்பதுக்கு மேல வந்தா பிரயோஜனமில்ல.”

போனை வைத்துவிட்டார். அருள்பாண்டி எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். படம் வரவில்லை, மழைத்தண்ணி இறங்கிவிட்டது, ஒயரை எலி கடித்துவிட்டது என்றுதான் அவனுக்குப் போன் வரும். வேலை செய்கிறது என்று புகார் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

டவுனில் ஒரு கடையில் மூன்று வருடம் கேமரா மாட்டப் போய்க்கொண்டிருந்த அருள்பாண்டி, இந்த ஆவணியில்தான் வெளியே வந்து ‘பாண்டி கேமரா சர்வீஸ்’ ஆரம்பித்திருந்தான். சர்வீஸ் என்றால் ஒரு பைக், ஒரு ஏணி, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கட்டு விசிட்டிங் கார்டு. வீட்டுக்குக் கேமரா மாட்டுகிற பழக்கமே மதுரையில் அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்தில் பதினொரு வீடு பிடித்திருந்தான். அதில் ஏழு வீடு கோச்சடை. ராதாமணியம்மா வீடு போக மற்ற ஆறுக்கும் காரணம் அவர் வாய். “பாண்டின்னு ஒரு பையன் இருக்கான், ஒயரை ஒட்ட வச்ச மாதிரி இழுப்பான்” என்று அவர் தன் சௌராஷ்டிர சொந்தக்காரர்களிடமும் தெருக்காரர்களிடமும் சொல்லிவைத்ததுதான். அந்த வாய் திரும்பினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி முட்டைக் குழம்பு சரியாக இறங்கவில்லை.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கே கோச்சடையில் இருந்தான். ராதாமணியம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை டீப்பாய் மேல் வைத்தார்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம், வெளியூர் லைன்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்தவர். கணவர் சௌரிராஜன் போன வருடம் தவறிவிட்டார். ஒரே மகன் விஜய்ஆனந்த் அமெரிக்காவில் ஓஹையோவில் இருக்கிறான். அம்மா தனியாக இருக்கிறாளே என்று கேமரா மாட்டச் சொன்னவன் அவன்தான். வாசல் கேட்டில் ஒன்று, அது அசையாது. ஹாலில் ஒன்று, அது தலையைத் திருப்பும். உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தும் இந்த வீட்டுக்கு என்று கொடுத்திருக்கிற இணைய முகவரியை அடித்து, பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் வாசலும் ஹாலும் தெரியும். அம்புக்குறியை அமுக்கினால் ஹால் கேமரா இடம் வலம் திரும்பும்.

“அது தலையைத் திருப்புதுப்பா” என்றார் ராதாமணியம்மா.

“கரண்ட் போய்ட்டு வந்தா ஒரு சுத்து சுத்தும்மா. நாலு மூலையையும் பாத்துட்டுப் பழையபடி நேரா நின்னுக்கும். எல்லா வீட்லயும் அப்படித்தான்.”

“இந்த மாசம் நமக்குக் கரண்ட் கட் எப்போ?”

“பன்னெண்டுல இருந்து ரெண்டும்மா.”

“இது பத்து அம்பத்திரண்டு.”

நோட்டைத் திறந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு கட்டம். தேதி, நேரம், எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம். டிரங்க் கால் டிக்கெட் எழுதிப் பழகிய கை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பத்து ஐம்பத்திரண்டு, இடம், நான்கு நிமிடம். பத்து ஐம்பது, சமையல்கட்டு, ஆறு நிமிடம். பதினொன்று ஐந்து, வலம், மூன்று நிமிடம். மொத்தம் இருபத்தாறு வரிகள். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் காலி.

“எதுக்கும்மா இதை எழுதுனீங்க?”

“விஜய் பாக்குறான்னு நெனச்சேன். நமக்குப் பத்தே முக்கால்னா அங்க நடுராத்திரி. படுக்கப் போறதுக்கு முன்னால அம்மாவை ஒரு தடவை பாத்துட்டுப் படுக்குறான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். இந்தியாவுக்கு வந்தா காட்டலாமேன்னு எழுதி வச்சேன். முத நாளு கையை ஆட்டுனேன். அது லேசா மேலயும் கீழயும் ஆடுச்சு. பதில் சொல்ற மாதிரி.”

அருள்பாண்டி காபியைக் கீழே வைத்தான்.

“பெறகு தெனமும் பத்து நாப்பதுக்கெல்லாம் சமையலை முடிச்சுட்டு நாற்காலி போட்டு உக்காந்துருவேன். என்ன சமைச்சேன்னு பாத்திரத்தைத் தூக்கிக் காட்டுவேன். தீபாவளிக்கு எடுத்த சேலையைத் தோள்ல போட்டுக் காட்டுனேன். போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினான். சேலை எப்படிடா இருந்துச்சுன்னு கேட்டேன். ‘எந்தச் சேலைம்மா?’ங்கிறான்.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நம்பர் வாசிக்கிற மாதிரி சொன்னார்.

“அவன்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல. ராத்திரி அங்க தூக்கம் கெட்டுப்போகும். உன்னைத்தான் கேக்கணும். லைன்ல மூணாவது ஆள் இருக்கானா?”

“இருக்காதும்மா” என்று வாய் சொல்லிவிட்டது. கை அதற்குள் டிவிக்குக் கீழே இருந்த ரெக்கார்டர் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தது.

யார் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று அந்தப் பெட்டி தானே குறித்துவைக்கும். அருள்பாண்டி இதுவரை அந்தப் பக்கத்தை எந்த வீட்டிலும் திறந்து பார்த்ததில்லை. திறந்தான். டிவியில் வரிசையாக இறங்கியது. அவர் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலால் ஓட்டினான். பெட்டி சொன்ன நேரமும் நோட்டு சொன்ன நேரமும் ஒரு நிமிடம் முன்னே பின்னே, அவ்வளவுதான். இருபத்தாறும் ஒத்துப்போயின.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே வந்தவனுடைய நெட் முகவரி, புள்ளி வைத்த நம்பராக இருந்தது. இருபத்தாறு வரியிலும் ஒரே நம்பர். மதுரையில் வீடு வீடாக பிராட்பேண்ட் பெட்டியில் கேமராவை இணைத்துப் பழகியவனுக்கு அதன் தொடக்கம் மனப்பாடம். ஓஹையோ இல்லை. இந்தப் பக்கத்து நம்பர்.

“இருக்கான்மா” என்றான்.

ராதாமணியம்மா தலையாட்டினார். “விஜய் எத்தனை தடவை?”

அது அவன் கண்ணில் முதலிலேயே பட்டிருந்தது. கேமரா மாட்டிய முதல் வாரத்தில் வெளிநாட்டு நம்பரில் மூன்று வரி. அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை.

“அவரு... அப்பப்ப வந்திருக்காரும்மா.”

“எண்ணிக்கை கேட்டேன்.”

“மூணு.”

அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையும் குறித்துக்கொண்டார். வெளியே கீரைக்காரி கத்திக்கொண்டு போனாள்.

“அப்ப நான் யாருக்குப்பா பாத்திரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டிட்டு இருந்தேன்?”

“இப்பவே ஒயரைப் புடுங்கிர்றேன்மா” என்று அருள்பாண்டி எழுந்தான்.

“இரு. இன்னும் இருக்கு.” அலமாரியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்தார். “என் தங்கச்சி மக காவ்யஸ்ரீக்கு முப்பதாம் தேதி சேலத்துல கல்யாணம். இதையும் கேமராவுக்குப் பக்கத்துல வச்சுக் காட்டினேன். விஜய் படிக்கணும்ல, எழுத்து தெரியணும்ல. போட்டுக்கப்போற நகையையும் இதே ஹால்ல வச்சுத்தான் காட்டினேன். பீரோவைத் தெறந்து எடுத்தப்பவே அது திரும்பி அந்த ரூம் கதவைத்தான் பாத்துட்டு இருந்துச்சு. நாலு நிமிசம். நோட்டுல இருக்கு பாரு.”

நோட்டில் இருந்தது. ‘ரூம் கதவு, 4.’

முப்பதாம் தேதி இந்த வீட்டில் ஆள் இருக்காது, நகை எந்த ரூமில் எந்தப் பக்கம் என்று தெரிந்த ஒருவன் இதே ஊரில் இருக்கிறான். அவன் உள்ளே வந்த வாசல் அருள்பாண்டி வைத்த வாசல்.

“எத்தனை மணி?” என்றார்.

“பத்தே முக்காலும்மா.”

“ஒயரைப் புடுங்காத. அந்த நம்பரைச் சொல்லு, எழுதிக்கிறேன்.”

“என்னம்மா பண்ணப் போறீங்க?”

“போர்டுல உக்காந்திருக்கப்ப மூணாவது ஆள் எவனாவது லைன்ல காதை வச்சான்னா சத்தம் லேசாக் கம்மியாகும். எனக்குத் தெரிஞ்சிரும். நான் கத்த மாட்டேன். அவன் நம்பரைச் சொல்லுவேன். அவன் எக்ஸ்டென்ஷன் நம்பரை மெதுவாச் சொன்னாப் போதும், டொக்குன்னு வச்சிருவான்.”

நம்பரைப் பெரிதாக எழுதத் தாள் தேடினார். தினசரி காலண்டரில் தேதி முடிந்த தாள்களைக் கிழித்துக் கட்டி வைத்திருந்தார். அதெல்லாம் சின்னத் தாள். கடைசியில் கல்யாணப் பத்திரிகையின் உறையைப் பிரித்து, வெள்ளையாக இருந்த உள்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார். அருள்பாண்டி திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். புள்ளியைக்கூட பெரிதாக வைத்தார். பிறகு எப்போதும் போல நாற்காலியை இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். அருள்பாண்டியைக் கேமராவில் படாதபடி சமையல்கட்டுப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார்.

பத்து ஐம்பதுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பத்தொன்றுக்கும் இல்லை.

“இன்னிக்கு லீவு போல” என்று அருள்பாண்டி முணுமுணுத்தான்.

“பேசாம இரு.”

ஐம்பத்து மூன்றுக்கு, மேலே சுவரில் ‘ங்ங்ங்’ என்று கொசு மாதிரி ஒரு சத்தம். அந்தச் சின்ன மோட்டாரை அருள்பாண்டி நூறு தடவை கேட்டிருக்கிறான். எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் ‘பாத்தீங்களா எப்படித் திரும்புதுன்னு’ என்று பெருமையடித்திருக்கிறான். இப்போது கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். கேமரா வாசல் பக்கத்திலிருந்து மெல்லத் திரும்பி, நாற்காலிக்கு நேராக வந்து நின்றது. மேலும் கீழும் ஒருமுறை ஆடியது. வணக்கம் சொல்கிறதாம்.

ராதாமணியம்மா கையை ஆட்டவில்லை. உறையைத் தூக்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பத்து விநாடி இருக்கும். கேமரா அசையவில்லை. பிறகு விருட்டென்று வலப்பக்கம் போய், காரை பெயர்ந்த சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. டிவியில் ஒரு வரி புதிதாக இறங்கியது. வெளியேறினார், பத்து ஐம்பத்து நான்கு.

“வச்சுட்டான்” என்றார் ராதாமணியம்மா. நோட்டை எடுத்து இருபத்தேழாவது வரியை எழுதினார். “இப்பப் புடுங்கு.”

பெட்டியிலிருந்து நெட் ஒயரைப் பிடுங்கினான். பிடுங்கிய ஒயரின் நுனியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“பாஸ்வேர்டை யார்கிட்ட சொன்ன?”

“சத்தியமா யார்கிட்டயும் இல்லம்மா. பரவை முத்துநாயகி அம்மன் மேல சத்தியம். உங்களுக்கும் உங்க மகனுக்கும்தான் சொன்னேன்.”

“நானும் யார்கிட்டயும் சொல்லல. விஜய் அவன் பொண்டாட்டிகிட்டயே சொல்லிருக்க மாட்டான். பெறகு எப்படி?”

பெட்டியின் நெற்றியில் அருள்பாண்டி ஒட்டிய ஸ்டிக்கர் பளபளத்தது. ‘பாண்டி கேமரா சர்வீஸ்’ என்று மேலே. கீழே அவன் செல் நம்பர், அந்த வீட்டின் இணைய முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு. மறந்துபோச்சு என்று யாரும் நேரங்கெட்ட நேரத்தில் போன் செய்யக்கூடாது என்பதற்காக அவனே யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு. பதினொரு வீட்டிலும் ஒட்டியிருந்தான். ஸ்டிக்கரைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து தெறித்துக் கிடந்தது.

அந்தச் சந்தனத்தை அருள்பாண்டி விரலால் தொட்டுப் பார்த்தான்.

ஆயுத பூஜை அன்றைக்கு ராதாமணியம்மா கூப்பிட்டிருந்தார். தையல் மெஷின், மிக்ஸி, மகனுடைய பழைய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, அதற்கு நடுவில் இந்தப் பெட்டியையும் வைத்து, மாலை போட்டு, பொட்டு வைத்துக் கும்பிட்டார். கேமரா பெட்டிக்குப் பூஜை போட்ட முதல் வீடு. அருள்பாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பசுமலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற கூட்டாளி கருப்பிடம் ஏழு மெகாபிக்சல் கேமராவை இரவல் வாங்கிவந்து படம் எடுத்தான்.

“அன்னிக்கு ஒரு போட்டோ எடுத்தியே” என்றார் ராதாமணியம்மா, அவன் மனதுக்குள் நின்று பார்க்கிற மாதிரி. “எனக்குக் காட்டவே இல்ல.”

“நெட்டுல, ஆர்குட்ல போட்டேன்மா. என் ஆல்பத்துல.”

“காட்டு.”

ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினான். பக்கம் திறக்க ஒரு யுகம் ஆனது. படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் சாமி படம், பிறகு மாலை, பிறகு பொரி, கடலை, அப்புறம் பெட்டி. பெரிதாக்கினான். பொரியை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஸ்டிக்கரில் இருந்த எழுத்து ஒன்றுவிடாமல் தெரிந்தது.

ராதாமணியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“என் தப்புப்பா இது. பொட்டு வைக்கிறப்ப யோசிச்சேன். எழுத்து மறைஞ்சுபோனா உனக்குக் கஷ்டமாச்சேன்னு, அதைச் சுத்திச் சுத்திச் சந்தனம் தடவினேன். நேரா அது மேலயே ஒரு பொட்டை வச்சிருந்தா இவ்வளவும் இல்ல.”

அருள்பாண்டி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். ‘ஆமாம்மா, பரவால்லம்மா, இனிமே பாத்துக்கலாம்’ என்று சொன்னால் முடிந்தது. பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடலாம். ஏழு வீடும் இருக்கும், அடுத்து சொல்லிவைத்திருக்கிற மூன்று வீடும் வரும். மற்ற வீட்டு ஸ்டிக்கர்களைச் சர்வீஸ் என்று சொல்லிப் போய் நைசாகக் கிழித்துவிடலாம்.

மவுஸ் அவன் கையில்தான் இருந்தது. சக்கரத்தை உருட்டினால் படத்துக்குக் கீழே எழுதியிருப்பது வரும். உருட்டினான்.

“உங்க தப்பு இல்லம்மா. இதைப் படிங்க.”

படத்துக்குக் கீழே முகம் தெரியாத ஒருவன், ரோஜாப்பூ படம் வைத்தவன், எழுதியிருந்தான். ‘சூப்பர் நண்பா. இந்த கேமரா தலை திரும்புமா?’ அதற்குக் கீழே அருள்பாண்டியே பதில் போட்டிருந்தான். ‘திரும்பும் நண்பா! உலகத்துல எங்க இருந்தும் பாக்கலாம். அம்புக்குறியை அமுக்குனா போதும்.’ அதோடு நிறுத்தியிருக்கலாம். எந்த பிரவுசரில் திறக்க வேண்டும், படம் வராவிட்டால் எதை இறக்கிக்கொள்ள வேண்டும் என்று நான்கு வரி விளக்கம் வேறு. ராத்திரி ஒன்றரை மணிக்கு உட்கார்ந்து எழுதியது. ஒருவன் ஆர்வமாகக் கேட்கிறானே என்று எழுதியது. ரோஜாப்பூக்காரன் நன்றி சொல்லியிருந்தான். இப்போது அவன் பெயரை அழுத்தினால் அப்படி ஒரு ஆளே இல்லை என்று வந்தது.

ராதாமணியம்மா முழுவதையும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“நானா வலியப் போயி வழி சொல்லிருக்கேம்மா” என்றான் அருள்பாண்டி. “பாஸ்வேர்டை மறைச்சுட்டுப் படம் போடணும்னு தோணவே இல்ல. நம்ம வேலையை நாலு பேரு பாக்கணும்னு மட்டுந்தான் இருந்துச்சு.”

“நீ சொல்லாட்டியும் கீழ இழுத்துப் பாத்திருப்பேன். விஜய் எனக்குப் பழக்கி விட்டிருக்கான்.”

அருள்பாண்டி மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

“மத்த வீட்டுக்கெல்லாம் என்ன பாஸ்வேர்டு வச்சிருக்க?”

“...இதேதாம்மா.”

“பதினோரு வீட்டுக்கும்?”

“ஆமாம்மா.”

“அம்புட்டு வீட்டுக்கும் ஒரே சாவி! அதையும் கதவுலயே தொங்கவிட்டுட்டு வந்திருக்க. உன்னையெல்லாம் எக்ஸ்சேஞ்சுல ஒரு நாள் உக்கார விட்டிருந்தா மதுரையே சந்தி சிரிச்சிருக்கும்.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நீ போய்ச் சொல்றியா, நான் போய்ச் சொல்லவா?”

“நாஞ்சொல்றேன்மா.”

“என்ன சொல்லுவ?”

“நடந்ததைச் சொல்லுவேன்.”

“அப்ப சரி. மொதல்ல இங்க முடி.”

முடித்தான். படத்தை அழித்தான். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தான். பெட்டியோடு கம்பெனியிலிருந்தே வந்திருந்த பொது யூசர் நேமை நீக்கிவிட்டு வேறு பெயர் வைத்தான். இணைய முகவரியையும் மாற்றினான். விஜய்ஆனந்துக்குத் தனியாக ஒரு பெயர் போட்டான். யார் வந்தாலும் தேதி நேரத்தோடு ராதாமணியம்மாவுக்கே ஒரு மெயில் வருகிற மாதிரி செய்தான். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில், “பாஸ்வேர்டு என்ன வைக்கலாம்மா? ரெண்டு வேணும். உங்களுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. பேரு, பொறந்த தேதி எல்லாம் வேணாம்” என்றான்.

“நீ அந்தப் பக்கம் திரும்பு.”

“ம்மா?”

“திரும்புன்னா திரும்பு.”

அருள்பாண்டி காரை பெயர்ந்த சுவரைப் பார்த்து நின்றான். கொஞ்ச நேரத்துக்கு முன் கேமரா பார்த்த அதே இடம். முதுகுக்குப் பின்னால் கீபோர்டு நிதானமாகத் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் அவர்கள் பேசுகிற சௌராஷ்டிர பாஷையில் ஏதோ ஒரு வார்த்தையை வாய்க்குள் சொல்லிச் சொல்லி, இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார். நீளமான வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும். மறுபடி ஒரு முறை, உறுதி செய்ய. பிறகு மகனுக்கு.

“இப்பத் திரும்பலாம். உனக்குத் தெரியாது. அதான் சரி.”

மத்தியானம் இருவரும் கமிஷனர் ஆபீசுக்குப் போய் ஒரு புகார் எழுதிக் கொடுத்தார்கள். ராதாமணியம்மா நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தார். அருள்பாண்டி படத்தைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அங்கிருந்த ஏட்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இம்புட்டுத் தெளிவா எங்க ஆளுங்களே எழுத மாட்டாங்கம்மா” என்றார். நெட் கம்பெனிக்கு எழுதி அந்த நம்பர் யாருடையது என்று கேட்க வேண்டும், பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே அருள்பாண்டி மற்ற வீடுகளுக்குப் போக ஆரம்பித்தான். முதல் வீடே உக்கிரபாண்டி வீடு. பைபாஸ் பக்கம் நிலம் விற்றுக் கோச்சடையில் மாடி வீடு கட்டியவர், மாமன் முறை. ஹாலில் கைலியோடு உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகத் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தார்.

“அப்ப நான் இப்பிடி உக்காந்திருக்கிறதை...”

“உங்க வீட்டுக்கு யாரும் வரல மாமா. இப்பத்தான் பாத்தேன். நீங்களும் உங்க மருமகனும் மட்டுந்தான்.”

“என் மருமகனா? அவன் எதுக்குடா என்னைப் பாக்கான்? எத்தனை தடவை?”

அருள்பாண்டி எண்ணிக்கையைச் சொல்லவில்லை. “பாஸ்வேர்டை மாத்திக்கங்க மாமா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்” என்றான்.

திட்டினார்கள். சிலர் உட்கார வைத்துத் திட்டினார்கள், சிலர் வாசலிலேயே நிற்க வைத்து. விருமாண்டி என்பவர், “நீ மாட்டுனதை நீயே கழட்டிட்டுப் போ” என்று ஏணியைக் கையில் கொடுத்தார். தெருக்கோடியில் இன்னொரு வீட்டிலும் கழற்றச் சொன்னார்கள். சொல்லிவைத்திருந்த மூன்று வீட்டில் இரண்டு, அப்புறம் பார்க்கலாம் என்றது. ஒன்பது வீடு மிஞ்சியது. ஒன்பது வீட்டிலும் ஒன்பது வேறு பாஸ்வேர்டு. ஒன்றுகூட அருள்பாண்டிக்குத் தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவர் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

விஷயத்தைக் கேட்டு விஜய்ஆனந்த் ஞாயிற்றுக்கிழமை போனில் கத்தினான் என்று ராதாமணியம்மா சொன்னார். கேமராவே வேண்டாம் என்றானாம். இவர்தான் இருக்கட்டும் என்றாராம். “பாஸ்வேர்டு கேட்டான். மொதல்ல பேசு, பேசி முடிச்சுட்டுச் சொல்றேன்னேன். அம்பது நிமிசம் பேசினான். அவனுக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து அம்புட்டு நேரம் பேசினது இல்ல.” அதையும் நோட்டில் எழுதியிருந்தார். நகையில் போட்டுக்கொள்கிறது போக மீதியை லாக்கரில் வைத்தார். ரூம் பூட்டை மாற்றினார். முப்பதாம் தேதி கல்யாணத்துக்கு, இருபத்தொன்பதாம் தேதி காலை பஸ்ஸில் சேலம் போனார். போகாமல் இருப்பார் என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். “எவனோ ஒருத்தன் பாத்தான்னு என் தங்கச்சி மக கல்யாணத்துக்கு நான் போகாம இருக்கணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அருள்பாண்டியை யாரும் வரச் சொல்லவில்லை. ஆனால் முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு மேல் அவனால் பரவையில் உட்கார முடியவில்லை. அப்பாவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டுவிட்டு, விளாங்குடி வழியாக ஆற்றைத் தாண்டிக் கோச்சடைக்கு வந்துவிட்டான். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ராதாமணியம்மா வீட்டுக் கேட்டுப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தான். காம்பவுண்டு சுவரை ஒட்டிப் பின்பக்கம் வரை நடந்து பார்த்தான். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. திரும்பி வந்து மறுபடியும் கேட்டை இழுத்துப் பார்த்தான்.

செல் அடித்தது. பின்னால் நாதஸ்வரமும் மேளமும் காதைப் பிளந்தன.

“பாண்டி! எங்க இருக்க?” ராதாமணியம்மா கத்தினார். “சீக்கிரம் கோச்சடைக்குப் போ! வீட்டு வாசல்ல எவனோ நிக்கிறானாம்! கேட்டைப் புடிச்சு இழுக்கிறானாம்! பின்பக்கம் போய்ப் போய் வாரானாம்! விஜய் அங்க தூங்காம உக்காந்து பாத்துட்டு இருக்கான், இப்பத்தான் போன் பண்ணினான். போலீசுக்குச் சொல்லவான்னு கேக்குறான்!”

“ம்மா...”

“நீலச் சட்டையாம்!”

அருள்பாண்டி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

“நாந்தாம்மா.”

அந்தப் பக்கம் மேளச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ராதாமணியம்மா யாரிடமோ சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்வதும், பக்கத்தில் பெண்கள் கொல்லென்று சிரிப்பதும் கேட்டது.

“கேட்டைப் பாத்துத் திரும்பி நில்லு” என்றார். “கையை ஆட்டு. பாத்துட்டு இருக்கான்.”

அருள்பாண்டி கேட்டுக்கு மேலே, தானே ஏணி வைத்து ஏறி மாட்டிய கேமராவை நிமிர்ந்து பார்த்தான். அசையாத கேமராதான். இருந்தாலும் கையைத் தூக்கி ஆட்டினான்.